மனசுக்கு வாங்கின அச்சாரம்



போன வாரம் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் நகல் வேணும்னு தேடிட்டு இருந்தேன். எங்க வீட்டுக் காகிதம் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுலதான் கிடக்கும். கந்தாய ரசீது, கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் சீட்டு, மகளோட பத்தாவது மார்க் ஷீட் ஜெராக்ஸ், மாட்டுக்கு ஊசி போட்ட அட்டை, எல்லாம் ஒண்ணாத்தான். அதுக்கு நடுவுல நாலா மடிச்ச ஒரு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு கிடைச்சுது. 2017 ஏப்ரல் மாசத் தேதி. மடிப்புல கிழிஞ்சிருந்தாலும், டாக்டரம்மா எழுதின ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் இன்னும் நல்லாத் தெரியுது.

அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன். வெங்காய விலையும் மழைக் கணக்கும் எழுதற ஆளு, இங்கிலீஷ் வார்த்தைக்கு வேர் பாக்க வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. வேர் பாக்கறது எங்களுக்குப் பழக்கம்தான். செடி வாடுச்சுன்னா இலையையே பாத்துட்டு நிக்க மாட்டோம். ஒண்ணைப் பிடுங்கி வேரைத்தான் பாப்போம்.

2016 ஐப்பசியும் கார்த்திகையும் எங்களை ஏமாத்திருச்சுங்க. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு வழக்கமா 44 சென்டிமீட்டர் கிடைக்கணும். அந்த வருஷம் 17 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் கிடைச்சுது. நூத்துக்கு அறுபது பங்குக்கு மேல குறைவு. 2017 ஜனவரியில, ஒரு மாவட்டம் விடாம எல்லாமே வறட்சி மாவட்டம்னு அரசாங்கம் அறிவிச்சுது. பேப்பர்ல நீங்களும் படிச்சிருப்பீங்க. சென்னையில இருக்கிறவங்களுக்கு அந்தக் கோடை, குடத்தோட லாரிக்கு நின்னதா ஞாபகம் இருக்கலாம்.

எனக்கு இருக்கிறது மூணே முக்கால் ஏக்கர், உடுமலைக்குக் கிழக்க. பி.ஏ.பி. வாய்க்கால் எங்க பக்கம் போகுது. ஆனா நிலத்தை நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வச்சுத்தான் தண்ணி விடுவாங்க, வருஷம் பூராவும் கிடைக்காது. மத்த நாளைக்குக் கிணறும் போரும்தான் கதி. தோட்டத்துல எங்கப்பா வச்ச தென்னை தொண்ணூறு மரம் இருந்துச்சு.

மாசியில கிணறு வத்துச்சு. பங்குனியில போர் விட்டு விட்டு ஊத்துச்சு, அப்புறம் வெறும் காத்து. உள்ளங்கையில தேங்காய் வச்சு நீரோட்டம் பாக்கறவரைக் கூட்டிட்டு வந்தேன். வடமேற்கு மூலையில தேங்காய் நட்டுக்க நின்னுச்சு. நகையை வச்சுப் பணம் பொரட்டி போர் வண்டியை வரச் சொன்னேன். ராத்திரி பூராவும் ஓட்டுச்சு. 920 அடி. வெள்ளைப் புகை மாதிரி கல்லுமாவுதான் வந்துச்சு, ஈரமே இல்லை. விடியக்காலம் வண்டிக்காரர் வந்து, "நிறுத்திக்கலாமுங்களா?"ன்னார். தலையை ஆட்டினேன். வாய்ல பேச்சு வரல.

அப்புறம் லாரித் தண்ணி வாங்கி மரத்துக்கு ஊத்தினோம். தொண்ணூறு மரத்துக்கும் ஊத்தக் காசு இல்லை. நாப்பது மரத்துக்குத்தான் தாங்கும். எதுக்கு ஊத்தறது, எதை விட்டுடறதுன்னு நானே தோப்புக்குள்ள சுத்தி வந்து, ஊத்த வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்புல கோடு போட்டேன். எங்கப்பா கையால வச்ச மரம். கோடு போடாத அம்பது மரத்துக்கும் ஒவ்வொண்ணா மட்டை தொங்கி, குருத்து சாஞ்சுது. தென்னை சட்டுனு சாகாதுங்க. மூணு மாசம் உங்க கண்ணு முன்னாடி நின்னுட்டே சாகும்.

அந்த நேரம் பாத்து ஒரு புரோக்கர் வந்தார். "ஏனுங்ண்ணா, இந்தக் காட்டை வச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க? கோயமுத்தூர் பார்ட்டி ஒண்ணு இருக்குதுங்க. கிணத்தோட சேத்து ரெண்டு ஏக்கர் கேக்கறாங்க"ன்னார். வெத்தலை பாக்கு மேல வச்சு ஒரு லட்ச ரூபா அச்சாரம் குடுத்தார். வீட்ல ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்டேன்.

அச்சாரம்னா உங்களுக்கு அட்வான்ஸ்னு சொன்னாப் புரியும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. அச்சாரம் வெறும் முன்பணம் இல்லை, அது வாக்கு. காசு கை மாறிட்டா, பொருள் உங்ககிட்ட இருந்தாலும் அது உங்களுது இல்லை. வாங்கறவன் பின்வாங்கினா அச்சாரம் போச்சு. விக்கறவன் பின்வாங்கினா ரெட்டிப்பாத் திருப்பிக் குடுக்கணும். எங்க பக்கம் அதுதான் வழக்கம்.

அன்னைக்கு ராத்திரியில இருந்து எனக்கு என்னமோ ஆயிருச்சு. தோட்டத்துப் பக்கம் போறதை விட்டுட்டேன். திண்ணையில உக்காந்திருப்பேன். அழுகை வரல, கோபமும் வரல. அழுதாக்கூட நல்லா இருந்திருக்கும். சோத்துல கை வச்சா எடுக்கத் தோணாது. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும், அதுக்கப்புறம் ஓட்டைப் பாத்துப் படுத்திருப்பேன். "ஏனுங்க, மாட்டுக்குத் தட்டுப் போட்டீங்ளா?"ன்னு எங்க வீட்டுக்காரி கேப்பா. "ம்"னு சொல்லுவேன். போட்டிருக்க மாட்டேன். மாடு கத்தறது காதுல விழும். எந்திரிச்சுப் போகணும்னு தோணாது. முப்பது வருஷம் மாடு கத்தினா தூக்கத்துல இருந்து எந்திரிச்சு ஓடின ஆளுங்க நான்.

வயித்து வலின்னு சொல்லித்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டரம்மா சின்ன வயசு, என் மகளைவிட ஆறேழு வயசு மூத்திருக்கும். வயித்தை அமுக்கிப் பாத்துச்சு. அப்புறம் பேனாவை வச்சுட்டு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, யார்கிட்டயாவது பேசறீங்களான்னு கேட்டுச்சு. எல்லாத்துக்கும் வீட்டுக்காரிதான் பதில் சொன்னா. கடைசியா என்னைப் பாத்து, "ஐயா, உயிரோட இருந்து என்ன ஆகப் போகுதுன்னு நினைப்பு வருதுங்களா?"ன்னு கேட்டுச்சு.

நான் செவுத்துக் காலண்டரைப் பாத்தேன். பதில் சொல்லல. பதில் சொல்லாததுலயே அந்தப் பொண்ணுக்குப் பதில் கிடைச்சிருச்சு.

சீட்டுல ஒரு வார்த்தையும் மாத்திரையும் எழுதிட்டு, வீட்டுக்காரிகிட்ட மெதுவா சொல்லுச்சு: "அம்மா, வீட்ல பயிருக்கு அடிக்கற மருந்து இருந்தா ஒரு பெட்டியில போட்டுப் பூட்டிருங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த வாரம் மறுபடி கூட்டிட்டு வாங்க." எனக்கு வெக்கமாப் போச்சு. மண்ணைப் பாத்து நடந்து வெளிய வந்தேன். பஸ்ல ரெண்டு பேரும் பேசிக்கல. வீடு வந்ததும் முதல் வேலையா, சாளையில இருந்த டப்பாவையெல்லாம் எடுத்து விதைப் பெட்டியில போட்டுப் பூட்டினா. சாவியைச் சுருக்குப் பையில போட்டு இடுப்புல சொருகிக்கிட்டா. அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள ஒரு பேச்சும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மக ஹாஸ்டல்ல இருந்து வந்தா. கோயமுத்தூர்ல இங்கிலீஷ் இலக்கியம் படிச்சுட்டு இருந்தா. சீட்டை எடுத்துப் பாத்தா, முகம் மாறிப் போச்சு.

"இதுல என்ன எழுதியிருக்குது கண்ணு?"

"டெஸ்பான்டென்ட்னு எழுதியிருக்காங்கப்பா."

"அப்படின்னா?"

"மனசு தளர்ந்து போயிட்டார்னு அர்த்தம். நம்பிக்கை விட்டுப் போச்சுன்னு."

நான் பத்தாவதோட நின்னவன். அந்தக் காலத்து இங்கிலீஷ் வாத்தியார் புண்ணியத்துல எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனா எனக்கு ஒரு புத்தி உண்டு. புது விதை யாராவது குடுத்தா, இது எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு கேக்காம வாங்க மாட்டேன். பத்து நாளா வாயே திறக்காதவன் அன்னைக்கு, "இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேட்டுட்டேன். அவளுக்கே ஆச்சரியம். அப்பா பேசறாரேங்கற சந்தோஷத்துல, பையில இருந்த பெரிய அகராதியை எடுத்து வச்சுக்கிட்டுச் சொல்ல ஆரம்பிச்சா. இதுக்குக் கீழ நான் எழுதறது அன்னைக்கும் அதுக்கப்புறமும் அவ சொல்லிக் குடுத்ததும், நானா யோசிச்சதும்.

நம்பிக்கை இழக்கறதுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு முக்கியமான வார்த்தை இருக்குதுங்க. ஒண்ணு டெஸ்பேர். இன்னொண்ணு என் சீட்டுல இருந்த டெஸ்பான்டென்ட், அதோட வினைச்சொல் டெஸ்பான்ட். கேக்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ரெண்டும் வேற வேற குடும்பம்.

டெஸ்பேர் நேரடியான வார்த்தை. லத்தீன்ல ஸ்பெஸ்னா நம்பிக்கை, ஸ்பெராரேன்னா நம்பறது. முன்னால 'டே' சேந்தா அது இல்லாமப் போறது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. டெஸ்பரேட்னு சொல்றோமே, அதுவும் இதுதான். அதே ஸ்பெராரே ஸ்பெயின் நாட்டுக்குப் போய் எஸ்பெரார்னு ஆச்சு. அந்த ஊர்ல அதுக்கு நம்பறதுன்னும் அர்த்தம், காத்திருக்கறதுன்னும் அர்த்தம். இதைக் கேட்டதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. மானாவாரிக்காரனுக்கு ரெண்டும் ஒரே வேலைதானுங்களே. விதைச்சுட்டு வானத்தைப் பாத்து நிக்கறவனை, நம்பறான்னு சொல்லுவீங்களா, காத்திருக்கான்னு சொல்லுவீங்களா?

டெஸ்பான்ட் கதை வேற. அதுல நம்பிக்கைங்கற வேரே இல்லை. அதோட வேர் ஸ்பொந்தேரே. அதுக்கு அர்த்தம், வாக்குக் குடுக்கறது.

ரோமாபுரியில ஒரு ஒப்பந்தம் பண்ணணும்னா கேள்வி பதிலாத்தான் பண்ணுவாங்களாம். ஒருத்தர் "ஸ்பொந்தேஸ்னே?"ன்னு கேப்பார், வாக்குத் தர்றியான்னு. இன்னொருத்தர் "ஸ்பொந்தேயோ"ன்னு சொல்லுவார், தர்றேன்னு. அந்தச் சொல்லு வாயில இருந்து வந்துட்டா அவன் கட்டுப்பட்டவன். பொண்ணு நிச்சயம் பண்றதுக்கும் இதே சொல்லுதான். நிச்சயம் ஆன பொண்ணு ஸ்பொன்சா, மாப்பிள்ளை ஸ்பொன்சுஸ். இன்னைக்கு எந்த விண்ணப்பத்துலயும் கணவர் அல்லது மனைவி பேரு எழுதற இடத்துல ஸ்பவுஸ்னு போட்டிருக்குமே, அது இதுல இருந்து வந்ததுதான். நோம்பிக்கு மைக் செட் செலவை ஏத்துக்கற ஸ்பான்சரும் இந்தக் குடும்பம்தான், வாக்குக் குடுத்தவர்.

இன்னும் ஒரு படி பின்னால போனா, கிரேக்க மொழியில இதுக்குச் சொந்தக்காரச் சொல் ஒண்ணு இருக்குது, ஸ்பொந்தே. சாமிக்கு முன்னால திராட்சை ரசத்தைத் தரையில ஊத்தறது. சண்டை போட்ட ரெண்டு ஊர்க்காரங்க சமாதானம் ஆகும்போது ரசத்தை ஊத்தித்தான் உடன்படிக்கை பண்ணுவாங்களாம். அதனால உடன்படிக்கைக்கே அந்தப் பேரு ஆயிருச்சு. ஊத்தறது, வாக்குக் குடுக்கறது, பொண்ணு குடுக்கறது, எல்லாம் ஒரே வேர்.

இதைக் கேட்டப்ப நான் நிமிந்து உக்காந்தேன். நம்ம கல்யாணத்துல பொண்ணைத் தாரை வாத்துத்தானே குடுக்கறோம்? தண்ணியை ஊத்திட்டா, அப்புறம் எங்க பொண்ணுன்னு உரிமை பேச முடியாது. அந்த நாட்டுக்காரனுக்கும் நமக்கும் சொந்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஆனா கையில இருந்து ஊத்தினதைத் திரும்ப அள்ள முடியாதுன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்குது, நமக்கும் தெரிஞ்சிருக்குது.

அந்த ஸ்பொந்தேரேக்கு முன்னால 'டே' சேந்தா, டெஸ்பொந்தேரே. வாக்குக் குடுத்து ஒரு பொருளைத் தன்கிட்ட இருந்து ஒதுக்கிடறது. பொண்ணை நிச்சயம் பண்ணிக் குடுக்கறதுக்கும் அதைச் சொல்லுவாங்க. மனசு தளர்ந்து போறதுக்கும் அதே சொல்லை வச்சுச் சொன்னாங்க. தன் மனசையே எடுத்து வேற யாருக்கோ குடுத்துட்டான்னு. அதுதான் 1600-கள்ல இங்கிலீஷுக்குள்ள போய் டெஸ்பான்ட், டெஸ்பான்டென்ட், டெஸ்பான்டென்சின்னு ஆச்சுன்னு மக சொன்னா.

நம்ம ஊர்ப் பேச்சுல என்ன சொல்லுவோம்? "மனசு விட்டுப் போச்சு"ன்னு சொல்லுவோம். அதுவும் கிட்டத்தட்ட அதேதானுங்களே.

மக அகராதியை மூடிட்டுத் தூங்கப் போயிட்டா. நான் தூங்கல. ஆனா அன்னைக்கு ராத்திரி முழிச்சிருந்தது வேற முழிப்பு. எனக்குப் பிடிபட்டது இதுதான்: நான் அச்சாரம் வாங்கினது ரெண்டு ஏக்கருக்கு மட்டும் இல்லை. வெத்தலை பாக்கு மேல இருந்த காசை எடுத்தபோது, மனசையும் சேத்து அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டேன். காசு வாங்கின நேரத்துல இருந்து அந்த மரமும் எனக்கு இல்லை, மாடும் எனக்கு இல்லை, கத்தறது யார் வீட்டு மாடோ மாதிரி ஆச்சு. டாக்டரம்மாவுக்கு என் நிலமும் தெரியாது, அச்சாரமும் தெரியாது. ஆனா எழுதின வார்த்தை சரியா அந்த இடத்துல விழுந்திருக்குது.

சரி, அச்சாரம்னா அதுக்கு ஒரு வழக்கம் இருக்குதே. ரெட்டிப்பாக் குடுத்தாத் திருப்பிக்கலாமே. டெஸ்பேர்னு எழுதியிருந்தா நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான், தீந்து போச்சுன்னு விட்டிருப்பேன். இது குடுத்த பொருள். குடுத்த பொருள் எங்கயோ இருக்கும். போய்க் கேக்கலாம். விலை ஜாஸ்தி ஆகும், ஆனா கேக்கலாம்.

காலையில வீட்டுக்காரிகிட்டயும் மககிட்டயும் அச்சாரம் வாங்கினதைச் சொன்னேன். வீட்டுக்காரி என்னைத் திட்டல. "இத வச்சுட்டா இத்தன நாளு உக்காந்திருந்தீங்க?"ன்னா. அவ்வளவுதான். மச்சினனைக் கூட்டிட்டுப் போய்ப் பார்ட்டியைப் பாத்தேன். அவரும் நல்ல மனுசன்தான், ஆனா வியாபாரின்னா வியாபாரி. ரெட்டிப்பு ரெண்டு லட்சத்துக்கு எங்ககிட்ட வழி இல்லை. பேசிப் பேசிக் கடைசியா, ரோட்டோரம் அம்பது சென்ட் அவருக்குக் கிரயம், கிணத்தோட ஒன்றரை ஏக்கர் எனக்கு மீதின்னு முடிஞ்சுது. கதை சுபம்னு எழுத எனக்கும் ஆசைதான். ஆனா எங்கப்பன் சம்பாதிச்ச அம்பது சென்ட் போனது போனதுதானுங்க. இப்ப அங்க கம்பி வேலி போட்டிருக்குது. அந்தப் பக்கம் போகும்போது வேற பக்கம் பாத்துட்டுப் போவேன்.

மனசு அன்னைக்கே திரும்பி வந்துருச்சுன்னும் சொல்ல மாட்டேன். மாத்திரை ஏழு மாசம் சாப்பிட்டேன். வாராவாரம், அப்புறம் மாசாமாசம் போய் அந்த டாக்டரம்மாவைப் பாத்தேன். ரெண்டாவது தடவை போனப்ப அந்தப் பொண்ணு அதே கேள்வியைக் கேட்டுச்சு. இந்தத் தடவை காலண்டரைப் பாக்கல. "வந்துச்சு அம்மிணி. இப்பக் கொஞ்சம் கம்மி"ன்னேன். மககிட்ட இதைச் சொன்னபோது, அதுக்கும் ஒரு வேர் சொன்னா. ரெஸ்பான்ட், அதாவது பதில் சொல்றது, அதுவும் அதே ஸ்பொந்தேரேதான். திருப்பி வாக்குக் குடுக்கறதுன்னு அர்த்தமாம். யாரோ ஒருத்தர் நமக்காக ஒரு கேள்வி கேட்டா, அதுக்குப் பதில் சொல்றதே ஒரு வாக்கு. நான் இருக்கேங்கற வாக்கு.

அந்த வருஷம் லீவுல மக எனக்கு ஒரு கதை சொன்னா. அவ பாடத்துல வந்தது. ஜான் பனியன்னு ஒருத்தர், 1628-ல இங்கிலாந்துல பெட்ஃபோர்டு பக்கம் ஒரு கிராமத்துல பிறந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைக்கறது குலத்தொழில். அனுமதி இல்லாமப் பிரசங்கம் பண்ணினார்னு பன்னெண்டு வருஷம் ஜெயில்ல வச்சிருந்தாங்க. 1678-ல அவர் எழுதி வந்த புத்தகத்துல, கிறிஸ்டியன்னு ஒருத்தன் முதுகுல பெரிய மூட்டையோட மோட்சத்துக்கு நடந்து போறான். போற வழியில முதல்ல விழறது ஒரு புதைசேறு. அந்தச் சேத்துக்குப் பேரே டெஸ்பான்ட்தான். நம்ம திருநெல்வேலிச் சீமையில பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இந்தக் கதையைத்தான் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்'னு காப்பியமாப் பாடினார், 1894-ல வந்துச்சு.

நான் கிறிஸ்தவன் இல்லைங்க, எங்களுக்கு மாகாளியாத்தா இருக்கா. ஆனா சேத்தைப் பத்தி எனக்குத் தெரியும். அதனால இந்தக் கதையில மூணு இடம் எனக்கு அப்படியே நின்னுருச்சு.

ஒண்ணு, கூட வந்த ஆளு. ரெண்டு பேரும்தான் விழறாங்க. கூட வந்தவன் எப்படியோ தத்தளிச்சு, தன் வீட்டுப் பக்கம் இருக்கிற கரையில ஏறித் திரும்பிப் போயிடறான். கிறிஸ்டியன் எதிர்க்கரைக்குப் போகப் பாக்கறான், ஆனா முதுகுல மூட்டை இருக்கிறதால அமுங்கறான். ஏற முடியல. வெளிய இருந்து ஒருத்தர் வந்து கை குடுத்துத்தான் தூக்கிவிடறார். வண்டி சேத்துல மாட்டினா மாட்டைப் போட்டு அடிக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவார். அடிக்க அடிக்கச் சக்கரம் கீழதான் போகும். இறங்கி, மட்டையோ கல்லோ கொண்டு வந்து போட்டு, நாலு பேரு வெளிய நின்னு தள்ளணும். உள்ள மாட்டினவன் தன் பலத்துல மட்டும் வெளிய வர முடியாது. அது அவன் கோழைத்தனம் இல்லை, சேத்தோட குணம்.

ரெண்டாவது, அந்தச் சேத்தை ஆயிரத்தி அறுநூறு வருஷத்துக்கு மேல ராஜாவோட ஆட்கள் மேவிக்கிட்டே இருக்காங்களாம். இருபதாயிரம் வண்டிக்கு மேல கொட்டியும் மேவல. கொட்டினது மண்ணு இல்லைங்க, அத்தனையும் புத்திமதி! இதைக் கேட்டு ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன். திண்ணையில நான் உக்காந்திருந்த நாள்ல வந்து போன சொந்தக்காரங்க எத்தனை வண்டி கொட்டிட்டுப் போனாங்கன்னு எனக்குத்தானே தெரியும்.

மூணாவது, சேத்துக்கு நடுவுல மிதிச்சுப் போக நல்ல கல்லுப்படி இருக்குதாம். ஆனா வானிலை மாறற நேரத்துல சேறு பொங்கி படியை மூடிரும், கண்ணுக்குத் தெரியாது. படி இல்லாமப் போறதில்லை, தெரியாமப் போகுது. எனக்கு அப்ப மூணு படி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவ ஒண்ணு, காலண்டரைப் பாத்தாலும் கேள்வியை விடாம கேட்ட அந்தப் பொண்ணு ஒண்ணு, சனிக்கிழமை வந்து அகராதியைத் திறந்த மக ஒண்ணு. மூணும் முன்னமே அங்கதான் இருந்துச்சு.

நம்ம தமிழ்ல நம்பிக்கைக்கு மேடையில ஒரு விளக்கம் சொல்லுவாங்க, நம்பு, உனக்கு ரெண்டு கை இருக்குதுன்னு. இலக்கணப்படி அந்தக் 'கை' வெறும் விகுதிதான், வருகை, வாழ்க்கையில வர்ற மாதிரி. அது இருக்கட்டும். பேப்பர்ல எங்களைப் பத்தி வர்ற சொல்லு ஒண்ணு இருக்குது: "விரக்தியில் விவசாயி". விரக்திங்கறது வடமொழியில பற்று விட்டதுக்குப் பேரு. சாமியார்கள் பாடுபட்டுச் சம்பாதிக்கற நிலை அது. அதைப் போய் எங்களுக்குச் சொல்றாங்க. பற்று விட்டவனுக்கு வலிக்காதுங்க. எங்களுக்குப் பற்று விடல, வேற யாரோ கையில மாட்டியிருக்குது. அதனாலதான் வலிக்குது.

உங்க வீட்லயோ, பக்கத்து வீட்லயோ, உங்க ஆபீஸ்லயோ யாராவது திடீர்னு மாடு கத்தறது காதுல விழாத ஆளா மாறினா, புத்திமதி வண்டி ஓட்டாதீங்க. பக்கத்துல போய் ஒரு கேள்வி கேளுங்க. நேராவே கேளுங்க. பதில் வரலைன்னா அடுத்த வாரம் மறுபடி கேளுங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. நேரங்கெட்ட நேரத்துல பேச ஆள் வேணும்னா 104-க்கும் 14416-க்கும் காசில்லாமப் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசுவாங்க.

போன ஆவணியில மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுது. தாரை வாக்கும்போது வீட்டுக்காரி செம்புல இருந்து தண்ணி ஊத்தறா, என் கை வழியா மாப்பிள்ளை கைக்கு இறங்குது. கண்ணு கலங்கிருச்சு. பக்கத்துல இருந்தவங்க பொண்ணைப் பிரியறதுக்கு அழறார்னு நினைச்சாங்க. அதுவும்தான். ஆனா அந்த அகராதி ஞாபகமும் வந்துச்சு. பொண்ணை ஊத்திக் குடுக்கலாம், அது வழக்கம். மனசை அப்படிக் குடுத்துடக் கூடாது.

சுண்ணாம்புக் கோடு போட்ட நாப்பதுல முப்பத்தாறு மரம் பிழைச்சுது. செத்த மரம் நின்ன குழியில 2018-ல முப்பது கன்னு வச்சேன். அதுல பாதிக்கு மேல இப்பக் காய்க்குது. கோடு எல்லாம் மழையில கரைஞ்சு போச்சு, எது எந்த மரம்னு எனக்கே இப்பத் தெரியறதில்லை.

அடங்கல் நகல் கடைசியில டப்பா அடியில இருந்துச்சு. ஓ.பி. சீட்டை மறுபடி நாலா மடிச்சு அங்கயே வச்சுட்டேன். நேத்து வெங்காயத்துக்கு மருந்து அடிக்கணும்னு சாவி கேட்டேன். வீட்டுக்காரி பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுத்துட்டு, பூட்டி, சாவியை மறுபடி இடுப்புல சொருகிக்கிட்டா.